ஏழாம் பெட்டியின் மேல் ஒரு மூடி

என் மேசையில் ஒரு பிஸ்கட் டின் மூடி கிடக்கிறது. ஒரு காலத்தில் அதில் பூப்படம் இருந்திருக்கும். இப்போது துருவும், நடுவில் கரண்டிக் காம்பு இடித்த பள்ளங்களும்தான். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ தட்டு என்று நினைத்து அதில் பேனாவைப் போடுகிறார்கள். எடுத்துவிடச் சொல்வேன். அது என் சித்தியுடையது.

இறுதியாண்டு ஆய்வுக்காக, றக்வானையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் தேயிலை மலையில் பன்னிரண்டு உணரிப் பெட்டிகளை நட்டேன். மண் நகர்ந்தால் பெட்டி நகரும். அதைக் கணினி சொல்லும். ஒவ்வொன்றிலும் ஜீபிஎஸ் வைத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் கோயில், தொழிற்சாலைக் கூரை, காலையில் பேர் பதியும் பிரட்டுக்களம் என்று இடம் தெரிந்த மூன்று பெட்டிகள். மற்றவை எங்கே என்பதை, சிக்னல் எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டும். மலைமேல் ஒரு மைனாக் கூட்டத்தைப் பறக்கவிட்டதுபோல நூறு ஊகங்கள். எது நல்ல இடத்தைக் கண்டதோ அதன் பக்கம் மற்றவை சாயும். துல்லியமான விடை வராது. போதுமான விடை, கொஞ்சப் பேட்டரியில் வரும். அந்தப் 'போதுமான' என்ற சொல்மேல் எனக்கு அப்போது அப்படியொரு காதல்!

அடைமழையின் நான்காம் நாள் ஏழாம் பெட்டியின் சிக்னல் மெலிந்தது. கேட்கவில்லையே என்று பெட்டி சிக்னலைக் கூட்டி இன்னும் உரக்கக் கத்தியது, பேட்டரி இறங்கியது. முப்பது அடி சரிந்துவிட்டது என்றது கணினி. ஓடிப்போய் லயம் முழுவதையும் கிளப்பினேன். கைக்குழந்தைகளோடு எல்லோரும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியும் நானும் மேலே ஏறிப் பார்த்தால், பெட்டி நட்ட இடத்திலேயே நிற்கிறது. அதன்மேல் கவிழ்த்த ஒரு டின் மூடி. பறக்காமலிருக்க ஒரு கல். தகரம் சிக்னலை மறைத்திருந்தது. மூடியோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம்.

"நான்தான் வச்சேன்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் வந்தார் சித்தி. அந்த மலையில் கொழுந்து எடுப்பவர் அவர். "மழையில ஊறிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு புள்ள."

"மழைக்குன்னே செஞ்ச பெட்டி சித்தி அது! எதுக்குத் தொட்டீங்க?" என்று நான் கத்தினேன். எல்லோரும் கேட்கத்தான் கத்தினேன். பிழை என்னுடையதல்ல என்று காட்ட. சித்தி என் கையிலிருந்த மூடியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கங்காணி என்னைக் கண்டால் விடுவதில்லை. "என்னாங்க இஞ்ஜினியரம்மா, மலை இன்னைக்கு எத்தன மணிக்கு வருதாம்?" சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு முறை சொன்னால் ஒருவரும் வெளியேற மாட்டார்கள் என்பதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். மறுபடியும் ஏழாம் பெட்டி. அதே மெலிவு, அதே கத்தல். என் கணக்கால் மண்ணையும் மூடியையும் பிரித்தறிய முடியாது. சித்தியை அழைத்தேன்.

"சித்தி, மூடிய வச்சீங்களா?"

"இல்ல புள்ள. இந்தா, அடுப்படியில இருக்கு." மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "அப்ப நெசமா?"

"தெரியல சித்தி. இருக்கலாம்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தொலைபேசியை அணைக்கவும் மறந்துவிட்டார். டின் மூடியில் கரண்டிக் காம்பு விழும் சத்தம் கேட்டது. லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது நகர்வதும் கேட்டது. "அனே, மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டது ஒரு குரல். "ஆமா, மறுபடியும்தான்! பொய்யின்னா நாளைக்கு என்னை ஏசுங்க. இப்ப எறங்குங்க!" என்றார் சித்தி. கங்காணியின் குரலும் கேட்டது: "புள்ளைகளத் தூக்குங்கடா!"

அரை மணித்தியாலத்தில் மலை இறங்கியது. கடைசி மூன்று வீடுகள் மண்ணுக்குள் போயின. நடுவில் இருந்தது சித்தியுடையது. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

புது வீடு இன்னும் வரவில்லை. தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சும்மா இரு" என்று மூடியை என் பைக்குள் வைத்தார். "டின்னு மண்ணுக்குள்ள போயிருச்சு. இத வச்சு நான் எதை மூடுறது?"

ஆய்வறிக்கையில் அது 'உலோகத் தடை' என்று இரண்டு சொல்லாக இருக்கிறது. மேசையில், அவர் பெட்டியின்மேல் வைத்த அதே வாக்கில், கவிழ்ந்து கிடக்கிறது.