பதினொரு கிலுகிலுப்பைகளைத் திரும்ப அழைத்த கதை

ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தான் விற்ற பொம்மைகளில் கோளாறு இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறதாம். என் மகள் தன் பேரனுக்கு வாங்கிய ரயில் வண்டியை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டே சொன்னாள். "உங்க காலத்துல இதெல்லாம் கிடையாது இல்லப்பா?" என்று கேட்டாள். கிடையாது என்று எப்படிச் சொல்வது? எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர், அடையாறு எல்லைக்குள் அப்படி ஒரு காரியத்தை முன்னின்று நடத்தியவன் நான். நடத்திய விதம் வெளியே சொல்லும்படி இல்லாததால் இதுவரை சொன்னதில்லை.

அப்போது அவளுக்கு ஒரு வயது நிறைந்திருந்தது. கச்சேரி ரோடு பக்கம் வாடகைக்கு இருந்த போர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தோம். நான் தலைமைச் செயலகத்தில் ஒரு துறையில் உதவியாளர். மளிகைச் சீட்டைக்கூட அலுவலகக் கடிதம் மாதிரிப் பொருள், பார்வை என்று போட்டு எழுதுகிறவன். வரும் கைக்குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பரிசு தர வேண்டும், அது உபயோகமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, பாண்டி பஜார் நடைபாதைக் கடையில் ஒரு டஜன் பிளாஸ்டிக் கிலுகிலுப்பைகள் வாங்கினேன். பச்சையும் ரோஜா நிறமுமாக, பிடி வைத்த உருண்டைகள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

"இன்னா சார், ரேடியோ வாங்குற மாரி பாக்குற? கொயந்த கடிச்சிக்கினே கெடக்கும், ஒண்ணியும் ஆவாது. எட்துக்கினு போ" என்றான் கடைக்காரன்.

சத்தம் திருப்திகரமாக இருந்தது. வேறு எதையும் பரிசோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினொன்றை விருந்தன்று கொடுத்தோம். பன்னிரண்டாவது எங்கள் வீட்டில் இருந்தது.

வியாழக்கிழமை காலை மகள் தரையில் உட்கார்ந்து அதைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'டக்' என்றது. உருண்டை ஒட்டுப்போட்ட இடத்தில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த கறுப்பு மணிகள் தரையில் ஓடின. ஒவ்வொன்றும் நல்ல மிளகு அளவு. எதற்கெடுத்தாலும் அழுகிற குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தது. என் மனைவி ஒரே பாய்ச்சலில் அவளைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டினாள். மணி ஒன்று வந்து விழுந்தது. அதன் பிறகுதான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தனை இனிமையான அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இவ்வளவும் நடந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். பிளந்த உருண்டையின் ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் தயாரிப்பாளர் முகவரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "மத்த பதினொண்ணு?"

பதினொரு வீடுகளில் பதினொரு குழந்தைகள் இந்த நிமிஷம் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். போய் வாங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று யாரும் நினைக்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாளில் மங்கலமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் குழந்தைக்கு ஆகாது என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத அரசாணை. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. விருந்தன்று ஒவ்வொருவரிடமும், "நானே ஒவ்வொண்ணா செக் பண்ணி வாங்கினது" என்று சொல்லியிருந்தேன்.

"நாம வாங்கினா தப்பா இருக்கும். கவர்ன்மென்ட் வாங்கினா தப்பில்லை" என்றேன் மனைவியிடம்.

அவள் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றே உட்கார்ந்து மனு எழுதினேன். தமிழிலேயே கோப்பு எழுத வேண்டும் என்ற உற்சாகம் அலுவலகங்களில் பரவிக்கொண்டிருந்த காலம். என் தமிழ் வரைவுகளுக்குப் பிரிவில் நல்ல பெயர். 'ரீகால்' என்பதற்கு என்ன போடுவது என்று அலுவலகச் சொற்பட்டியலைப் புரட்டினேன். 'திரும்ப அழைத்தல்' என்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று, 'ஆபத்து விளைவிக்கும் கிலுகிலுப்பைகளை உடனடியாகத் திரும்ப அழைக்கக் கோருதல்' என்று பொருள் எழுதி, இணைப்பாக ஒரு மணியை உறையில் ஒட்டி, மூன்று நகல்களுடன் வெள்ளிக்கிழமை நானே தபால் பிரிவில் கொடுத்தேன். அப்போது சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு; மறுநாள் அது எங்கே போயிற்று என்று தேடிப் போனேன். பணியாளர் பிரிவில் இருந்தது. அங்கிருந்த இளநிலை உதவியாளர் ஏற்கெனவே குறிப்பு எழுதிவிட்டார்: 'திரும்ப அழைக்கப்பட வேண்டியவரின் பதவி, தற்போது துய்த்துவரும் விடுப்பின் தன்மை ஆகிய விவரங்களை மனுதாரரிடம் கேட்கலாம்.'

விடுப்பில் போன ஊழியரைத் திரும்பக் கூப்பிடுவதற்குத்தான் அந்தச் சொல். அந்த இளநிலை உதவியாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால், மணி ஒட்டிய உறையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி இன்னொரு வரியும் சேர்த்திருப்பேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு முறத்தில் பத்துக் கிலுகிலுப்பைகள் கிடந்தன. பக்கத்தில் பாத்திரக்காரம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள். பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது அவள் தொழில். என் மனைவி அவளைப் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பைக்கு ஒரு டம்ளர் என்று கூவிக்கொண்டு அந்தந்த வீட்டு வாசலில் போய் நிற்கச் சொல்லியிருந்தாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால்தானே தோஷம்? பண்டமாற்றில் தோஷம் கிடையாது. அழுகிற குழந்தைகளின் கையிலிருந்து தாய்மார்களே பிடுங்கிக் கொடுத்தார்களாம். ஒரு வீட்டில் மரக்குதிரையையும் சேர்த்து நீட்டி இரண்டு டம்ளர் கேட்டார்களாம்.

"நானும் எவ்ளோ வருசமா கூடை தூக்குறேன். கிலுகிலுப்பைக்கு டம்ளர் குடுத்தத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்ற பாத்திரக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதான் வாங்கியாந்த ஆளா?"

"ஆமா" என்றாள் மனைவி.

"பாத்தா பட்ச்ச மாரி கீறாரு."

பத்து டம்ளர்களுக்கு ஈடாக என்னுடைய ஒரே டெரிலின் பேன்ட் போயிருந்தது என்பது அவள் கூடையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றேன்.

"அது அடையாறும்மா. ஆத்துக்கு அந்தாண்ட வேற ஆளு லைனு. நா காலு வெச்சா அட்சிக்குவா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடையாற்றில் இருந்தது எங்கள் பிரிவு அதிகாரியின் வீடு. அவருடைய பேரனுக்குப் பத்து மாதம். மனைவி என்னைப் பார்த்தாள். இந்த முறை அரசாங்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகும்போதே பேச்சை மனத்துக்குள் வரைவு போட்டுக்கொண்டேன். அதிகாரி பனியனோடு ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலடியில் பேரன் கிலுகிலுப்பையைச் சிமெண்டுத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

"வாய்யா. பாரு, ஒரு வாரமா இதை விடமாட்டேங்கறான். நல்ல செலக்‌ஷன்" என்றார்.

வரைவு முழுதும் மறந்துபோயிற்று. "அதைத் திருப்பித் தரணும் சார்" என்றேன்.

"எதை?"

"கிலுகிலுப்பையை."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. "கொடுத்ததையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இந்த அடி அடிக்கறான், ஒரு கீறல் விழலை. இது ஒடையறதாவது!"

அதிகாரி ஆதாரம் கேட்டால் காட்டுவது என் வேலை. குழந்தையிடமிருந்து பிடுங்கினேன். அது வீறிட்டது. ஜன்னல் கட்டையில் தட்டினேன். உடையவில்லை. கையால் நெரித்தேன். உடையவில்லை. என் பெண் நாலு பல்லால் சாதித்ததை என்னால் சாதிக்க முடியவில்லை. கடைசியில் தரையில் வைத்துக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தேன். வெடித்தது. மணிகள் நாலா பக்கமும் தெறித்து ஓடின.

"அடடா" என்று அதிகாரி நாற்காலியிலிருந்து இறங்கினார். நானும் மண்டியிட்டேன். இரண்டு பேரும் அலமாரிக்கடியில் கை விட்டுத் துழாவினோம்.

"மொத்தம் எத்தனைய்யா?"

"எங்க வீட்டுல ஏழு இருந்தது சார். இதுலயும் ஏழுதான் இருக்கணும்."

"என்கிட்ட நாலு."

"என்கிட்ட ரெண்டு."

அப்போதுதான் அழுகைச் சத்தம் நின்றுபோயிருப்பது எனக்கு உறைத்தது. அந்த அமைதியை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். திரும்பினேன். பையன் தவழ்ந்து வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, உருண்டைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யோசிக்கவில்லை. என் உத்தியோக வாழ்வில் முன் அனுமதி பெறாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். என் மேலதிகாரியின் பேரனைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தேன்.

"யோவ்! யோவ்!" என்று அலமாரிக்கடியிலிருந்து குரல் வந்தது. அதிகாரியின் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். குமாஸ்தா ஒருவன் பேரனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பதையும், கணவர் தவழ்ந்துகொண்டிருப்பதையும் பார்த்தார். மூன்றாவது அடியில் மணி தரையில் விழுந்தது. குழந்தை அழுதது.

அந்த அம்மாள் மணியைப் பார்த்தார், உடைந்த உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடுங்கோ" என்று குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் சுவரோரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கையால் அறை முழுவதும் துடைப்பம் போட்டுப் பெருக்கி, குப்பையைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்தார்.

"குடிச்சுட்டுக் கிளம்புங்கோ. கீழே மட்டும் எதையும் வைக்காதீங்கோ" என்றார்.

குடித்தேன். அதிகாரி ஈஸிசேருக்குத் திரும்பி, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பாட்டியின் இடுப்பிலிருந்து பையன் விக்கிக்கொண்டே என் கையிலிருந்த டம்ளருக்குத் தாவினான். நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.