நடுரோட்டில் நின்ற பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் நடந்தது இது. அன்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் என்னால் மறக்க முடியாதது நான் போட்ட சத்தம் இல்லை. அன்று நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு நிமிடம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரோட்டில் இறங்கினால் எனக்குக் கோபம் வரும். வராமல் எப்படி இருக்கும்? இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புகிறவனைப் பார்த்தால் வராதா? ஓடுகிற காரின் கதவைத் திறந்து பின்னால் வருகிறவன் மேல் எச்சில் துப்புகிறவனைப் பார்த்தால்? தெருவையே அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டால் ‘ரெண்டே நிமிஷம் சார்’ என்று நம்மையே முறைக்கிறானே, அவனைப் பார்த்தால்? நான் நிறுத்திக் கேட்டுவிடுவேன். “உங்களுக்கு ஹார்ன் வண்டியில இல்ல, வாயிலதான் கீது” என்பாள் என் மனைவி.

நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். வீடு திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருவேன். அன்று சூப்பர்வைசரிடம் முன்பே லீவு சொல்லியிருந்தேன். காரணம், என் மனைவிக்கு அரசு வேலைக்கான தேர்வு.

சும்மா ஒரு தேர்வு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மயிரிழையில் போயிருந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் இருந்தால் அடுப்பும் பிள்ளைகளும் படிக்க விட மாட்டார்கள் என்று இரண்டு வாரம் மாமல்லபுரத்தில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்து படித்தாள். தேர்வு செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில். எட்டரை மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது.

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். சரியாக ஏழு மணிக்கு அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி வண்டியில் ஏறினாள். ஏறும் முன்பே என் போனை வாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். “இன்னிக்கி ஒரு நாளு யார் கூடவும் பேசாம ஓட்டுங்க” என்றாள். நல்ல யோசனைதான் என்று அப்போது எனக்கும் பட்டது.

மாமல்லபுரத்தைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய கார், இளநீர்க் கடையைப் பார்த்ததும் ரோட்டு நடுவிலேயே நின்றது. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் கதவு படார் என்று திறந்தது. நான் வண்டியை ஒடித்து ஒதுக்கியதில் இரண்டு பேரும் விழவேண்டியது, தப்பித்தோம். இறங்கிய ஆள் கறுப்புக் கண்ணாடியோடு “பாத்து வர மாட்டியா?” என்று என்னைக் கேட்டான். என்னைக் கேட்டான்! விடுவேனா? நான்கு நிமிடம் அங்கே போனது.

அடுத்து, தப்பான பக்கத்தில் எதிரே வந்தது ஒரு பைக். அதில் மூன்று பேர், ஓட்டுகிறவன் காதில் போன். அவனுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு சுற்றுலா வேன் குறுகலான திருப்பத்தில் நின்றுகொண்டு ஆட்களை ஒவ்வொருவராக இறக்கியது. பத்தடி தள்ளி நிறுத்த இடம் இருக்கிறது. போகலாமே? போகமாட்டார். நான் இறங்கி அந்த டிரைவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“சண்டைய அப்படியே எழுதி வெச்சிக்குங்க. சாயங்காலம் வந்து பாக்கிய போடலாம். மணி ஏழு நாப்பது.”

அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். எங்கள் ஊர் எல்லையைத் தொட்டதும் எல்லாமே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த இடம்தான். சிறுபாலம் கட்டுவதற்காக ரோட்டில் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டு, டிரம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மிச்சம் இருக்கும் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். வழக்கமாக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிற்போம், நகர்ந்துவிடும். அன்று நகரவே இல்லை. முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள், கார்கள், ஷேர் ஆட்டோக்கள். டிரம்முக்கும் லாரிக்கும் நடுவில் ஸ்கூட்டர் நுழையக்கூட இடம் இல்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. கணவனும் மனைவியும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பச்சை சுடிதார், கையில் கண்ணாடிக் கவருக்குள் ஹால் டிக்கெட். என் மனைவியின் கையில் இருந்த கவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அக்கா, நீங்களும் எக்ஸாமா? போயிடலாமாக்கா?”

“போயிடலாம்மா, பயப்படாத. கூட்டத்துக்கு நடுவுல நாம ரெண்டு பேருதான் படிச்சவங்க, நமக்கு வழி விடுவாங்க” என்றாள் என் மனைவி. அந்தப் பெண் சிரித்தாள். செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறார்களாம். முந்தின நாளே வந்து திருக்கழுக்குன்றத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்களாம், தாமதம் ஆகிவிடக் கூடாது என்று.

எதிர்ப்பக்கமிருந்து நடந்து வந்த ஒருவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “எதுவும் ஆவல. ஒரு கம்பெனி பஸ்ஸு பள்ளத்தாண்ட நடுரோட்டுல நின்னுகினு கீது. எவனோ ஒருத்தன் வரணுமாம், வெயிட் பண்றான்” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இத்தனை பேர் இங்கே வெயிலில் நிற்க, ஒருத்தன் வீட்டில் ஆற அமர நாஸ்தா தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்காக ஒரு டிரைவர் ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறான். “புடிங்க வண்டிய” என்று மனைவியிடம் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பின்னாலிருந்து அந்தப் பெண், “எங்களுக்கும் சேத்துக் கேளுங்கண்ணா!” என்றாள். டிப்பர் டிரைவர் ஒருவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “உடாத தலைவரே!” என்றார். ஊர் சார்பாகப் போகிறவன் மாதிரி விறுவிறுவென்று நடந்தேன்.

லாரிகளைத் தாண்டும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். “யோவ், உனக்கு அறிவு கீதா? ரோடு இன்னா உங்க கம்பெனி கட்டினதா? எந்த மகாராசனுக்குய்யா இவ்ளோ நேரம் நிக்கிற?” இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவற்றை இங்கே எழுத முடியாது. பஸ்ஸின் பக்கவாட்டுக்கு வந்து கதவை ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. “தோ, பாய் வந்துட்டாரு!”

பஸ் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கி, நிம்மதியாக மூச்சு விட்டுச் சொன்னார். “இன்னா பாய், எங்கிருந்து வரீங்க? உங்களுக்காகத்தான் நின்னுகினு கீறேன். ஆறு வாட்டி போன் அடிச்சிட்டேன், எடுக்க மாட்டறீங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் தெரு முனை.

எங்கள் கம்பெனி பஸ் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப்பில்தான் ஏற வேண்டும் என்பது விதி. ஆனால் யார் ஏறுகிறோம்? ஒருவருக்கு டீக்கடை வாசல், ஒருவருக்கு ரேஷன் கடை எதிரில். எனக்கு என் தெரு முனை. பஸ் ஸ்டாப் அங்கிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிறது, ரோடு அகலமாக, நிழலோடு. அந்த இருநூறு அடி நடக்க எனக்கு வலித்தது. பாலத்துக்குத் தோண்டிய பிறகும் ‘இங்கேயே நிறுத்துங்க’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுமட்டுமா? ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நான் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. சும்மா இருந்தேனா? ‘ஆளுக்காகக் காத்திருப்பதில்லை’ என்று டிரைவர் மேல் கம்பெனியில் எழுதிக் கொடுத்தேன். அவரைக் கூப்பிட்டுத் திட்டி, ஆள் வரவில்லை என்றால் பத்து நிமிடம் நின்று, போன் செய்து பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள்.

“நீங்க எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் உங்களுக்குன்னா பயந்துகினுதான் நிக்கிறேன் பாய்” என்றார் டிரைவர். அதில் கேலி துளியும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

லீவை சூப்பர்வைசரிடம் சொன்ன நான், எனக்காக ரோட்டில் காத்து நிற்கப்போகிற மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் நண்பர்கள் நான்கு பேர் பஸ்ஸிலிருந்து குதித்தார்கள். “அண்ணிக்கு எக்ஸாமா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று ஓடிப் போய், எங்கள் ஸ்கூட்டரை டிரம்களுக்கு மேல் தூக்கி, பள்ளத்தின் ஓரமாகவே உருட்டிக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தினார்கள். என் மனைவி பின்னால் நடந்து வந்தாள். வரும் வழியிலேயே அவர்கள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார்கள் என்பது அவள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

பஸ் கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம். கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை நேரம் காத்திருந்த எரிச்சலில் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை வழிக்குள் பாய்ந்தன. டிப்பரும் எதிரே வந்த லாரியும் முட்டிக்கொண்டு நின்றன. ‘மாட்டுனாங்க’ என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். அந்தப் பச்சை சுடிதார் பெண் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

எட்டு இருபத்தைந்துக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். என் மனைவி ஓடினாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து ஒரு முறை கையை ஆட்டினாள். எட்டரைக்கு கேட் மூடியது. நான் எதிரே மரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்து, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

எட்டு முப்பத்தேழு இருக்கும். அந்த பைக் வந்தது.

அவள் பைக் நிற்பதற்குள்ளேயே குதித்து ஓடினாள். கேட்டில் நின்ற பெண் போலீஸிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “மேடம், மேடம், நாங்க சீக்கிரமே கெளம்பிட்டோம் மேடம். வழியில ஒரு பஸ்ஸு நடுரோட்டுல நின்னுடுச்சு மேடம்.” அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

“அதோ, அந்த அண்ணாவும் அங்க இருந்தாரு. அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா!”

போனேன். “ஆமாம் மேடம். பஸ் நின்னுச்சு. உண்மைதான்” என்றேன். அந்தப் போலீஸ்காரருக்கும் மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது. “எவனோ பண்ணதுக்கு நான் இன்னாம்மா பண்ண முடியும்? சாவி என்கிட்ட இல்லியே” என்றார்.

கணவன் பைக் சீட்டை ஓங்கிக் குத்தினான். அந்தப் பெண் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே காலியாக இருந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டாள். “நீங்க போய்க் கேட்டீங்களேண்ணா. யாருக்காக நின்னுச்சாம் அந்த பஸ்ஸு?”

கார்க்காரனைக் கேட்டவன் நான். பைக்காரனைக் கேட்டவன் நான். வேன் டிரைவரை நிறுத்தி நியாயம் பேசியவன் நான். அன்று காலை ஏழு மணியிலிருந்து மூடாத வாய், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

“தெரியலம்மா” என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கம்பெனியில் இன்னொரு கடிதம் கொடுத்தேன். ‘நான் பஸ் ஸ்டாப்பிலேயே ஏறிக்கொள்கிறேன். நேரத்துக்கு வரவில்லை என்றால் எனக்காக நிற்க வேண்டாம்.’ டிரைவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “இன்னா பாய், என் மேல கோவமா?” என்றார் பாவம். அன்றிலிருந்து அந்த இருநூறு அடியை நடக்கிறேன். மழையிலும் நடக்கிறேன். மற்றவர்கள் இன்னும் அவரவர் வாசலில்தான் ஏறுகிறார்கள். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

என் மனைவி தேறிவிட்டாள். இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தேர்வு முடிவு வந்த அன்று, வீட்டில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, “அந்தப் பச்சை சுடிதார் பொண்ணு எழுதிச்சாங்க?” என்று கேட்டாள். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நின்றதையும், நான் ‘தெரியலம்மா’ என்றதையும் அன்றுதான் அவளிடமே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரோட்டில் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, வராமல் இல்லை. ஆனால் ‘எவன்டா அவன்’ என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் கேட் கம்பியைப் பிடித்த அந்தக் கை வந்து நிற்கிறது. செய்யூர்ப் பக்கத்துத் தங்கச்சி, நீ எங்கேயாவது இதைப் படித்தால், அன்று நான் தெரியாது என்று சொன்ன பதிலை இத்தனை நாள் கழித்து இங்கே சொல்கிறேன்: அந்த பஸ் எனக்காகத்தான் நின்றது.