என் கையில் அவருடைய வாட்ச்

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். எவ்வளவு நடக்கிறார், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று அது பார்க்கும். அதை வைத்து மறுநாள் எவ்வளவு நடக்கலாம் என்று போனில் சொல்லும். அந்தக் கணக்கு மகளுடைய போனுக்கும் போகும். நல்ல ஏற்பாடுதான். கட்டிக்கொண்ட ஆள்தான் சரியில்லை.

மூன்றாம் நாளே அவருக்கு அலுத்துவிட்டது. நான் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குக் கிளம்பும்போது வாட்சைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா, இதையும் கட்டிக்கிட்டுப் போ. நீ எப்படியும் மேட்டுல ஏறி எறங்கத்தானே போற?"

"அது உங்க நெஞ்சுக்கு வாங்குனது."

"யாரு நடந்தா அதுக்கென்ன? நடக்கலைன்னா ஒம் மக போன்ல வையுறா. வெரசா கட்டு."

கட்டினேன். தோட்டத்து ஜீப் ஹாரன் அடிக்கிறது, சண்டை போட நேரமில்லை என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் இல்லை, பதினைந்து நாள். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

தினமும் சாயங்காலம் மகள் போனில் பாராட்டுவாள். "அப்பா, சின்னப் பையன் மாதிரி நடக்குறீங்களேப்பா!" கேட்டுக் கேட்டு, தானே நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டில் நாற்பது நிமிடம் ஏறச் சொன்னது போன். அவர் வாட்சைக் கட்டிக்கொண்டு குரங்கணி பஸ்சில் ஏறிவிட்டார். நானும் ஓடிப்போய் ஏறினேன்.

"அது என்னோட நடையப் பாத்துச் சொல்லுதுங்க. உங்களப் பாத்து இல்ல."

"மிஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

குரங்கணியில் இறங்கி மலைப்பாதையில் ஏறினோம். முதல் வளைவு வரை பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவதில் பேச்சு நின்றது. வாட்ச் கையில் அதிர்ந்தது. விரலால் தட்டி அடக்கினார். மூன்றாவது வளைவில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்து, சட்டை முழுக்க வியர்வை. அவர் பையிலிருந்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். காப்பி லோடு ஏற்றி இறங்கிவந்த ஜீப்பை நடுரோட்டில் நின்று மறித்தேன்.

ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவோட துடிப்பு தாறுமாறா காட்டுதே! இத்தன நாளா நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் கண்ணைத் திறக்காமலே, சொல்லாதே என்று கையை ஆட்டினார். அந்தக் கையைப் பிடித்து அமுக்கினேன்.

"இத்தன நாளும் நடந்தது நான்டி. அவரு டிவி முன்னால உக்காந்திருந்தாரு. டாக்டர்ட்டயும் சொல்லப்போறேன்."

"சிரிப்பாங்கடி" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"சிரிக்கட்டும். நீங்க உசுரோட இருந்து கேளுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத்தான் முதலில் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிழைத்து வீடு வந்ததும், மகள் பழைய கணக்கை எல்லாம் அழித்தாள். டாக்டர் சொன்னபடி முதலிலிருந்து தொடங்கினாள்: சமதரையில் ஐந்து நிமிடம். இப்போது காலையில் ஜீப் நிற்கும் தெருமுக்கை நோக்கி என்னோடு நடந்து வருகிறார். பாதி வழியில், மாவு மில்லுக்கு முன்னால், ஐந்து நிமிடம் முடிந்ததென்று வாட்ச் அதிரும்.

"இன்னும் பத்தடிதானே" என்பார்.

"திரும்புங்க."

ஜீப்காரர் ஹாரன் அடிக்கட்டும். இவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கும்வரை நான் ஜீப்பில் ஏறப் போவதில்லை.