ஃப்ளெக்ஸில் வந்த அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவை முதல் தடவையாகப் பார்த்தேன். சேலையூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர். அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அவர் முகம். முறுக்கின மீசை, எண்ணெய் வழியச் சீவிய தலை. ஆள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறதாம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள், என் பெயருக்கு முன்னால் இனிஷியல் கிடையாது. அம்மா கன்னியம்மா பம்மலில் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்த்தாள். தோலிலிருந்து உப்பை உதறும் வேலை. என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அப்பா பெயர் தணிகாசலம், ஷெட்டு சூபர்வைசர் என்று சொன்னாள். ஹெட்மாஸ்டர் சிரித்தார். அவரையே ஒரு நடை கூட்டி வரச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

தெருவும் சிரித்தது. யாருக்கோ பெற்றுவிட்டுப் பெரிய மனுஷன் பெயரைச் சொல்கிறாள் என்றார்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா செத்துப்போனாள். அதோடு படிப்பு முடிந்தது. லாரி ஏறிவிட்டேன்... விஜயவாடா, ஹூப்ளி, எங்கெங்கோ. கோடு மட்டும் கூடவே வந்தது.

இரண்டு வருடம் முன்னால் இதையெல்லாம் இங்கே எழுதியிருந்தேன். பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. சிட்லபாக்கத்திலிருந்து மோகன் என்பவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருடைய சித்தப்பா பெயர் தணிகாசலம், பம்மலில் சூபர்வைசராக இருந்தவர். ‘நீங்கள் எனக்கு அண்ணன் முறையாக இருக்கலாம், சார்’ என்று எழுதியிருந்தார்.

நேரில் போனேன். மோகனுக்கு வம்சாவளிப் பைத்தியம். நியூஜெர்சி, சிங்கப்பூர், கோயம்புத்தூர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் ஈமெயிலில் ஒரு குரூப். ஆளுக்கொரு பெயரைத் தோண்டி அனுப்புகிறார்கள், இவர் கோக்கிறார். தோண்டுவது எங்கே? பழைய கல்யாணப் பத்திரிகைகளில். தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் என்று எல்லாப் பெயரும் அதில் இருக்குமே. கட்டில் நிறைய மஞ்சள் தடவிய பத்திரிகைகள்.

எங்கம்மாவுக்கு யாரும் பத்திரிகை அடிக்கவில்லை.

அதனால்தான் டிஎன்ஏ டெஸ்ட். நியூஜெர்சிக்காரர் ஊருக்கு வந்தபோது சாக்லேட்டோடு அந்தப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். சின்ன பிரஷ் ஒன்று. அதை உள்கன்னத்தில் தேய்த்து, கவரில் போட்டு அனுப்ப வேண்டும். நானும் தேய்த்தேன், மோகனும் தேய்த்தார். அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று மாறாமல் இறங்கி வரும் ஒன்று உடம்பில் இருக்கிறதாம். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போனால் ஒரே வம்சம்.

இந்த வயதில் எனக்கு எதற்குச் சொந்தம்? எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காத ஆள் நான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அம்மா சொன்னது பொய் இல்லை என்று ஒரு காகிதம்.

ரெண்டு மாதம் கழித்து மோகன் போன் செய்தார். “மேட்ச் ஆயிடுச்சு... அண்ணா.”

சார் அண்ணாவாகிவிட்டேன். அவர் கொடுத்த பிரிண்ட்-அவுட்டை வைத்துக்கொண்டு பல்லாவரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது. ஆனால் நம்பர் ஓடும். மோகனுக்கு ஒரு வரிசை, எனக்கு ஒரு வரிசை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒன்று. ரெண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

மறுவாரம் மோகன் வீட்டில் ஒரு சிக்கல் கிளம்பியது. இந்த டெஸ்ட் வம்சத்தைத்தான் சொல்லுமாம். அந்த வீட்டு அண்ணன் தம்பியில் அப்பா யார் என்று சொல்லாதாம். அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் ரெண்டே பேர். ஒருவர் தணிகாசலம். இன்னொருவர், எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மோகனின் அப்பா. மோகன் சொல்லி முடிக்கவில்லை, பேப்பர் கீழே இறங்கியது.

“இன்னாடா, என்னையும் இஸ்துவுடுற? அவன்தான்டா. தெனிக்கும் அவன் சைக்கிளு அந்தப் பொண்ணு வூட்டாண்டதான் நிக்கும். பம்மலுக்கே தெரியும்.”

பம்மலுக்கே தெரியும். அப்படியானால் ஹெட்மாஸ்டர் எதற்குச் சிரித்தார்? தெரு எதற்குச் சிரித்தது? நாற்பது வருடமாக இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கன்னம்தான் வீணாக அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறது.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தார் எல்லாரும் கூடும் நாள். பேனரில் கிளை கிளையாகப் பெயர்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் அவர் மனைவி. கீழே நான், பெயருக்கு முன்னால் ‘த.’ போட்டு. வாழ்க்கையில் முதல் இனிஷியல்! பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘வளர்ப்பு மகன்’.

அம்மா பெயர் எங்கும் இல்லை.

மோகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்தார். “சித்தி உசுரோட இருக்காங்க இல்லையாண்ணா... சபையில ஒரு மரியாதை வேணும்னு பெரியவங்க பேசி முடிவு பண்ணாங்க. உங்கள விட்டுடவும் மனசு வரல.”

மோகன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மிஷின் என்னைப் பெற்ற பிள்ளை என்கிறது. மண்டபம் வளர்த்த பிள்ளை என்கிறது. ஒரு வேளை சோறு போட்டதில்லை அந்த மனுஷன்.

பந்தியில் அந்தச் சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபது வயது இருக்கும். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்தபடியே கேட்டார். “உங்கம்மா இருக்காங்களா?”

செத்து ரொம்ப வருஷம் ஆச்சு என்றேன்.

“குடுத்து வெச்சவ” என்றார். ரசம் வந்தது, சாப்பிட்டோம்.

எல்லாம் முடிந்து பேனரை அவிழ்த்தார்கள். எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். மோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைத்துவிட்டார், பாவம். சுருட்டித் தோளில் வைத்து, ஷேர் ஆட்டோவில் பம்மல் கொண்டுவந்து சேர்த்தேன்.

இப்போதைக்கு நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ரெண்டு இடத்தில் விரிசல். பேனரை அதன் மேல் இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன். அப்பா முகம் மேல் பக்கம், வானத்தைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. வளர்ப்பு மகன் என்று ஊரறியப் போட்டுவிட்டார்கள். அதற்காகவாவது அவர் கொஞ்சம் நனைய வேண்டாமா?