முழங்கை வரைக்கும்

எனக்குத் தொழிலில் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கல்யாண ப்ளவுஸின் கை. அதன் கதையை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் எழுமலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். வீட்டில் முதன்முதலில் காலேஜ் போனவள் நான், அதிலும் ஃபேஷன் டிசைன் எடுத்தேன். "துணி தைக்கிறதுக்கு மூணு வருசமா படிக்கணும்?" என்று அப்பா கேட்டார். கேட்டதோடு சரி, தடுக்கவில்லை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சில வருசம் டி-சர்ட் காலர் வரைந்து அலுத்துப்போய், மதுரைக்கு வந்து அவனியாபுரத்தில் ஒரு மாடியில் டிசைனர் ப்ளவுஸ் தைக்கிற பொட்டிக் ஆரம்பித்தேன். கீழே வெல்டிங் பட்டறை. என்னோடு ஒரு தையல் மாஸ்டரும், ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இரண்டு பெண்களும். ஒவ்வொரு கல்யாண ஆர்டரையும் பயந்துகொண்டேதான் எடுப்பேன். ஒரு வீட்டில் முகம் சுளித்தால் அது பத்து வீட்டுக்குப் போய்விடும்.

அந்த ப்ளவுஸுக்குரிய கல்யாணப் பெண்ணை அவளுடைய அம்மா கூட்டி வந்தார். அம்மா பள்ளிக்கூட டீச்சர். முதல் நாள் மகள் கலகலவென்று பேசினாள். "கை குட்டையா இருக்கட்டும்க்கா. இந்த வெயில்ல மண்டபத்துல நிக்கிறது யாரு, நான்தான?" என்றாள். அவள் சொன்னபடியே வெட்டி, ஆரி வேலையும் முடித்துவிட்டோம்.

ட்ரையலுக்கு வந்தபோது அவள் பேசவில்லை. ப்ளவுஸைப் போட்டுவிட்டு ஹூக்கை மாட்டினேன். இடுப்பில் இரண்டு விரல் தொளதொளவென்று இருந்தது. கையைத் தூக்கச் சொன்னபோதுதான் பார்த்தேன். குட்டைக் கைக்கும் முழங்கைக்கும் நடுவில் நாலு விரல் அழுந்திய தடம், கன்றி ஊதா நிறமாக.

டீச்சர் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"கையை முழங்கை வரைக்கும் இறக்கிருங்க. இப்ப அதான எல்லாரும் போடுறாங்க?"

"துணி பத்தாதுங்கம்மா. வேலையும் முடிஞ்சிருச்சு."

"எதையாச்சும் வச்சு இணைங்க. நீங்கதான டிசைனர்?"

அப்போது அவருக்குப் போன் வந்தது. பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று படிக்கட்டுக்குப் போனார். அவள் சட்டென்று என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு கால் பண்ணிக்கிறேன். உங்க போனக் குடுங்க."

போன் கட்டிங் டேபிள் மேல்தான் இருந்தது. எடுத்து நீட்டக் கால் நிமிசம் ஆகியிருக்காது. நான் சொன்னது இதுதான்: "அம்மா வந்துரட்டும்மா, கேட்டுக்கிட்டுத் தாரேன்."

அவள் ஹூக்கைக் கழற்ற ஆரம்பித்தாள். டீச்சர் உள்ளே வந்தபிறகும் நான் அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கையை எப்படி இறக்குவது என்று யோசிக்க ஆரம்பித்ததும் அது யாரோ அழுத்திய தடம் என்பதே எனக்கு மறந்துபோனது. பளபளக்கிற மெல்லிய டிஷ்யூ துணியைப் பூ இதழ் மாதிரி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் ஜரிகை கட்டினேன். எந்த இடத்தில் மறைக்க வேண்டுமோ அங்கே இதழ் நெருக்கம், முழங்கைக்கு வர வர இடைவெளி. மூன்று நாள் வேலை. முடித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தோசமாகத்தான் கொடுத்தனுப்பினேன்.

கல்யாணம் நடந்தது. போட்டோகிராபர் அனுப்பிய படத்தை என் பொட்டிக்கின் இன்ஸ்டா பக்கத்தில் போட்டேன். அவள் லேசாகச் சிரித்தபடி கையை உயர்த்திப் பூச்சரத்தைச் சரிசெய்கிற படம். அந்த வாரத்திலிருந்து போன் ஓயவில்லை. "அந்தப் பூக்கை வேணும்" என்று திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் கேட்டார்கள். ஆரிக்கு இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தேன். கடையை பைபாஸ் ரோட்டுக்கு மாற்றினேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய கடையா!" என்று வாசலிலேயே நின்றார்.

ஒன்றரை வருசம் கழித்து ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்தாள். சாதாரணச் சுடிதார், தோளில் ஒரு பை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"அந்தப் போட்டோவ எடுத்துருங்கக்கா. அதப் பாத்துட்டு நான் நல்லா இருக்கேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க."

உட்காரச் சொன்னேன். அவளே சொன்னாள். முதல் நாளுக்கும் ட்ரையலுக்கும் நடுவில் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. வேலைக்குப் போவேன், கல்யாணம் இப்போது வேண்டாம் என்று சொன்னதற்கு அண்ணன் கையைப் பிடித்து முறுக்கி, போனையும் வாங்கி வைத்துக்கொண்டான். கட்டிக் கொடுத்த வீட்டில் யாரும் அடிக்கவில்லை, வெளியேதான் விடவில்லை. எட்டு மாசத்தில் கிளம்பிவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி, வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"அன்னிக்கு யாருக்குப் பேசக் கேட்ட?"

"கூடப் படிச்ச பொண்ணுக்கு. வேலைல சேர வாரேன், உங்கிட்ட இருக்கிற என் சர்டிபிகேட்ட எடுத்து வைன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

யாரோ ஒரு பையன் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

"நான் குடுத்திருக்கணும்மா" என்றேன்.

"குடுத்திருந்தா என்ன ஆகிருக்கும்னு எனக்குத் தெரியலக்கா. ஒண்ணும் ஆகிருக்காதுன்னு உங்களுக்காகச் சொல்ல முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன் என்று எழுந்து போனாள்.

படத்தை அன்றே எடுத்துவிட்டேன். அதற்குள் எத்தனையோ பேர் அதைத் தங்கள் பக்கங்களிலும் போட்டிருந்தார்கள், அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. பூக்கைக்கு இனி ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். "ஓடுற டிசைன யாராச்சும் நிப்பாட்டுவாங்களா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே தெரியும்மா. ஒரு எடத்துல மட்டும் அம்புட்டு நெருக்கமா வேணும்னீங்களே, அப்பவே."

"ஏண்ணே எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க பாத்துக்கிருவீங்கன்னு நெனச்சேன்."

இப்போது கல்யாணப் பெண்களுக்குத் தனியறையில் நானே கதவைச் சாத்தி அளவெடுக்கிறேன். கூட வருகிறவர்கள் வெளியே இருக்க வேண்டும். "நான் பெத்த பிள்ளைதான, நான் பாக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டு ஆர்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. உள்ளே வருகிற பெண்கள் பெரும்பாலும் ப்ளவுஸின் முதுகுப் பக்கக் கழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிலர் பேசுவதே இல்லை. பேசாதவர்களிடம் கேட்க வேண்டும் என்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எப்படிக் கேட்பதென்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவும் கற்றுக்கொள்ளவில்லை. "கழுத்து எம்புட்டு இறக்கணும்?" என்பதுதான் வாயில் வருகிறது.