மலைக்குள் போன ரயில்

கீழ்பென்னாத்தூர் அப்பாசாமிக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவள் பச்சையம்மாள். அவளுக்கு ஒன்பது வருஷம் இளையவன் சகாதேவன். தாய் சீக்கிரம் போய்விட்டாள். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அக்காதான். அதனால் தன் அறுபத்து மூன்று வயதிலும் அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழாதா என்று சகாதேவன் காத்துக்கொண்டுதான் இருந்தான். விழுந்ததில்லை. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலை கிடைத்தது என்று ஸ்வீட் பொட்டலத்தோடு போய் நின்றபோதுகூட, "ஆபீசுல உக்காருவேன்னு பாத்தா, சுத்தியத் தூக்கிக்கினு வெயில்ல சுத்தப் போறியா?" என்றாள்.

முப்பத்து நாலு வருஷம் சுற்றினான். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் அவன் கால் படாத ஜல்லி கம்மி. அவன் முடுக்கிய போல்ட்டின் மேல்தான் சொந்தக்காரர்களெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்கள். தடத்தை விட்டு ஒதுங்கி, கொடியோடு நின்றவன் சகாதேவன் என்று ஒருவரும் கண்டுகொண்டதில்லை.

ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டியதும் மாடி அறையைத் தனக்கென்று கேட்டான்.

"எதுக்கு?" என்றாள் ரேணுகாம்பாள்.

"ரயிலு வுட."

"ஏன், முப்பது வருஷம் அதும்பின்னால ஓடுனது பத்தலியா?" என்று சிரித்தாள். ஆனால் அறையைக் கொடுத்துவிட்டாள்.

மூன்று மாதம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அழித்தான். நடுவில் ஊரே சாமியாகக் கும்பிடும் மலை, அதை வலமாகச் சுற்றி வரும் தண்டவாளம். நிஜத்தில் மலையைச் சுற்றி ரயில் கிடையாது. அவன் மனசில் இருந்தது. வேலை பார்த்த காலத்தில் மலையைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் சுற்றி வரும்போது அவனுக்கு டியூட்டி இருக்கும்.

கூட்டுக்குக் கிடைத்தவன் முருகையன். ரேணுகாம்பாளின் தம்பி, கொத்தனார். சகாதேவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குடை பிடிக்கிறேன் என்று அழுது அடம்பிடித்து, குடையின் கனம் தாங்காமல் பாதி வழியில் மாப்பிள்ளையின் தோளிலேயே ஏறிக்கொண்ட பொடியன். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் மாமாதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்ப்பான், கீழே வந்து ஒரு மடிப்பு வைப்பான். கோழிவலை, பழைய பேப்பர், மைதா பசை, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. உச்சி முதல் அடிவாரம் வரை அசல் மலையை அப்படியே உட்கார வைத்துவிட்டான். சகாதேவன் கல்லுடைக்கும் கிரஷர் துகளை வீட்டுச் சல்லடையில் சலித்துத் தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டான். சல்லடை போனதற்கு ரேணுகாம்பாள் இரண்டு நாள் பேசவில்லை.

எல்லாம் அமைந்தது, ஒரு மூலை மட்டும் அமையவில்லை. அறை சின்னது. மலைக்கும் சுவருக்கும் நடுவே தடம் சட்டென்று வளைந்ததால், சென்னையிலிருந்து வாங்கி வந்த சாண் நீளப் பொம்மை எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தால் குப்புறக் கவிழ்ந்தது. ஏழு முறை பெயர்த்துப் போட்டான். ஏழு முறையும் கவிழ்ந்தது.

"மாமா, சுத்திக்கினு ஏன் போவணும்? அந்த மூலையில மலையைக் கொடைஞ்சு வுட்டுடலாம்" என்றான் முருகையன்.

"டேய், நம்ம மலைக்குள்ள எங்கடா ரயிலு போவுது?"

"மலையா இது? பேப்பரும் பசையும் மாமா!"

"வாணாம்டா. மனசு ஒப்பல."

அப்போது ரேணுகாம்பாள் டீ கொண்டு வந்தாள். "அக்கா, மாமா மலைக்குப் பயப்படறாரு" என்று முருகையன் சிரிக்க, அவளும் சிரித்தாள். டீ ஆறுவதற்குள் இரும்பறுக்கும் பிளேடால் இரண்டு வாய் திறந்துவிட்டான். எஞ்சின் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் அலுங்காமல் வந்தது. அதைப் பார்த்ததும் சகாதேவனும் இன்னொரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

முதல் ஓட்டம் கார்த்திகை தீபத்தன்று என்று முடிவு செய்தான். அன்றைக்குத்தான் அக்கா வருவாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் மொட்டைமாடியில் நின்று மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா சொல்லிக் கும்பிட்டார்கள். இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிவந்தான். பச்சையம்மாள் மலையைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. கையிலிருந்த அகல் விளக்கை அதன் உச்சியில் வைத்தாள். மடியிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசினாள்.

"யார்றா செஞ்சது? அய்யாவே வந்து உக்காந்தாப்பல இருக்காரு" என்றாள்.

சகாதேவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நானும் மச்சானும்கா. இரு, இன்னும் இருக்குது பாரு" என்று சுவிட்சைப் போட்டான். ரயில் கிளம்பியது. குட்டி ஸ்டேஷனைத் தாண்டியது, அடிவாரத்தை ஒட்டி வளைந்தது, மறைந்தது.

"எங்கடா போச்சு?"

"உள்ளக்கா. அந்தாண்ட வரும் பாரு."

"எதுக்குள்ள?"

ரேணுகாம்பாள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். ரயில் உள்ளேயே நின்றது.

பச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடப்பாவி! அய்யா ஒடம்புல ஓட்டை போட்டு வச்சிருக்கே! தீபம் ஏத்துன கையோட இதப் பாக்கணுமா நானு? யார்றா கொடஞ்சது?"

சகாதேவன் முருகையனைப் பார்த்தான். அவன் சொல்லட்டும் என்றல்ல. சும்மா, பழக்கத்தில் பார்த்தான்.

"நான் அப்பவே வாணாம்னு சொன்னேன் அத்தை," என்றான் முருகையன். "மாமாதான் கேக்கல."

சொல்லும்போது அவன் தரையைக்கூடப் பார்க்கவில்லை. நேராக அத்தையைப் பார்த்துச் சொன்னான். சகாதேவன் மனைவி பக்கம் திரும்பினான். ரேணுகாம்பாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அகல் திரியைத் தூண்டிவிடுகிறவள்போல் குனிந்துகொண்டாள்.

"என் கையில வளந்தவன் நீ" என்று மட்டும் சொன்னாள் அக்கா. அதற்குமேல் அன்று அவனோடு பேசவில்லை.

விடிந்ததும் அவளைக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற்றிவிடப் போனான். பஸ் கிளம்பும் வரை ஜன்னலடியில் நின்றான். "நான் கொடையலக்கா" என்றான். "பொய் வேறயா?" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினால் மாடிப்படியெல்லாம் வெள்ளைக் கால்தடம். மலையின் இரண்டு வாயும் அடைபட்டிருந்தன. பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. முருகையன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உள்ள வண்டி இருந்துதே" என்றான் சகாதேவன்.

"இருக்கட்டும் மாமா. எடுத்தா திரும்ப ஓட்டத் தோணும். அத்தை சொல்லிட்டுப் போச்சு, அடைச்சிடச் சொல்லி. எங்க அக்காவும் சரின்னுச்சு."

அவன் போன பிறகு சகாதேவன் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அவன் கொடஞ்சத அன்னிக்கு நீ பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்" என்றாள். "அவன் நாலு வூட்டுக்குப் பூஜை போட்டு அஸ்திவாரம் எடுக்கறவன். மலையைக் கொடஞ்சான்னு பேரு வந்தா எவன் கூப்புடுவான்? உனக்கின்னா, ரிட்டையர் ஆயிட்டே. ஒரு பேச்சு வாங்கினா தேஞ்சா பூடுவே?"

இப்போது அந்த மலைக்குத் தினமும் பூ வைக்கிறார்கள். தெருப் பெண்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். அறைக்குள் செருப்போடு போகக் கூடாது.

மார்கழி பிறந்ததும் முருகையன் பொங்கல் பிரசாதத்தோடு வந்தான். "மாமா!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். நாற்பது வருஷமாக "வாடா மச்சான்" என்றுதான் பதில் வரும்.

சகாதேவன் எழுந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க," என்றான். "உக்காருங்க. ரேணுகா, அவருக்குத் தண்ணி குடு."