அக்கா கொடுத்த ஐந்து மில்லி ரத்தம்

ஊதா மூடி போட்ட அந்தக் கண்ணாடிக் குழாயை அக்கா உடனே பெட்டியில் வைக்க விடவில்லை. ரத்தம் எடுத்து முடித்ததும், "ஒரு நிமிசம் குடு தங்கச்சி" என்று வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பூம்பாறை மலைக்கிராமத்துக்கு மேலே, மேகம் வாசல் வரை வந்து நிற்கும் காலை. குளிரில் என் விரல்களுக்கு ஊசியைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. "சூடா இருக்கு" என்றாள். "இதத்தான் கொண்டுக்கிட்டுப் போயி படிப்பீங்களா? அப்ப என் தம்பி எங்க இருக்கான்னு இதுல தெரிஞ்சிருமா?"

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மனித மரபணு முழுவதையும் படித்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடி ஓய்ந்திருந்தன. எல்லோருக்கும் அதன் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கங்கே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாற்றங்களைக் கொண்டு எந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பது எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி. மலையில் வாழும் மக்களிடம் ரத்தம் வாங்கி வர என்னை ஐஸ் பெட்டியோடு ஜீப்பில் ஏற்றிவிட்டார். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்களின் வீட்டு வரிசையில் ஊசியைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். மூன்று நாள் அலைந்தும் என் நோட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. முதலில் கையை நீட்டியவள், நான் அக்கா என்று கூப்பிட்ட இவள்தான்.

பதினைந்து வயதில் அம்மா அப்பாவோடு கப்பலேறி வந்தவள் அவள். ஐந்து வயதுத் தம்பி, பிள்ளையில்லாத பெரியம்மாவிடம் வேறு தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். குடும்பத்துக்குக் கிடைத்த பாஸ்போர்ட்டில் அவன் பெயர் வரவில்லை. பிறகு அனுப்பிவைப்பதாகப் பேச்சு. அங்கே கலவரங்கள் வந்தன, கடிதங்கள் நின்றன. பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்து, கட்டிக்கொடுத்து, பேரன் எடுத்த பிறகும் அவளுக்கு அவன் ஐந்து வயதுப் பையன்தான்.

"கண்டுபிடிக்கலாம்க்கா" என்றேன். பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருப்பேன். தம்பியின் ரத்தமும் வந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதையும், அவனைத் தேடுவது எங்கள் வேலையே அல்ல என்பதையும், ஆய்வகம் போனதும் அவள் பெயரை எடுத்துவிட்டு ஓர் எண்ணை ஒட்டுவோம் என்பதையும் மட்டும் விழுங்கிவிட்டேன். "தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று எழுந்தவள், வீடு வீடாகக் கூப்பிட்டாள். "ஏலே, வெரசா வாங்க, ஒண்ணும் நோகாது." மதியத்துக்குள் ஐஸ் பெட்டி நிறைந்தது. பேராசிரியர் என்னைக் கெட்டிக்காரி என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுவருஷம் இன்னும் சிலரிடம் ரத்தம் வாங்கப் போனேன். சிலோனில் சண்டை நின்றிருந்த சமயம். சாயத் தண்ணி என்று பாலில்லாத டீ கொடுத்துவிட்டு அக்கா சந்தோஷமாக ஒரு சேதி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தங்களைப் பார்க்க அங்கே கிளம்பினாராம். பெரியம்மா இருந்த தோட்டத்தின் பெயரையும் பழைய போட்டோவையும் கொடுத்தால் விசாரித்து வருகிறேன் என்றாராம். "வேணாம்னுட்டேன் தங்கச்சி. அவரு போறதே பத்து நாளைக்கு. அவருக்கு எதுக்குத் தொந்தரவு? அந்தச் சோலியத்தான் நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்கள்ல."

அதற்குள் அவர் போய்த் திரும்பியும் வந்திருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த முறை யாராவது போனால் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். "வேலை நடக்குதுக்கா" என்றேன். கேட்டதற்கு என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அங்கே மறுபடியும் சண்டை மூண்டது. அந்த வரிசையிலிருந்து பிறகு யாரும் போகவில்லை.

அன்று நாங்கள் மாதக்கணக்கில் சில எழுத்துகளை மட்டும் தடவிப் பார்த்தோம். இன்று இயந்திரம் ஓரிரு நாளில் ஒரு மனிதரை முழுவதும் படித்துவிடுகிறது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பிவிட்டு, காணாத சொந்தங்களைக் கண்டுகொள்கிறார்கள். அக்காவின் ரத்தமும் உறைபெட்டியில்தான் கிடக்கிறது. எது அவளுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எண்ணையும் பெயரையும் சேர்க்கும் பட்டியலை ஆராய்ச்சி முடிந்ததும் விதிப்படி எரித்தவள் நான்தான். உறைபெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெண்புகை முகத்தில் அடிக்கிறது. அந்த அடுக்குகளை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. ஏதோ ஒன்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றும்.

போன மாதம் ஒரு போன் வந்தது. அக்காவின் மகள். "அம்மா தவறி இருபது நாளாச்சுங்க" என்றாள். அவள் அழவில்லை. "நாங்க வீட்டக் காலி பண்ணிட்டு ஒட்டன்சத்திரம் வந்துட்டோம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு இங்க மார்க்கெட்ல மூட்டை தூக்குற வேல. மாமா வந்தா மேல பழைய வீட்டுலபோயித் தேடுவாருல்ல? புது விலாசத்த ரத்தம் எடுத்த அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருன்னு அம்மா சொல்லிட்டுத்தான் போச்சு. எழுதிக்கிறீங்களா?"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கை பேனாவைத் தேடியது. கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் மாவு மில் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எழுதிட்டீங்களா? ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்துக் காட்டினேன்.